காண்டாக் கம்புக்கும் தங்கத்தின் தோளுக்கும் நடுவில்

1952, நவம்பர் 3, திங்கள்

விடியுமுன்பே மழை. ரப்பர்ப் பால்வெட்டு இல்லை. தோட்டத்து லயம் முழுக்க இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம். நான் மட்டும் எழுந்து அடுப்பு மூட்டினேன். மழை மற்றவர்களுக்கு லீவு. டோபிக்குக் காயாத துணி.

(காதர் நானா கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. போன வருடத்தது. ஒவ்வொரு நாளும் கிழமையை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. இனாம் இனாம்தான்.)

கைவசம்: துரை பங்களா விரிப்பு ஆறு. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியின் கால்சட்டை நான்கு. இடுப்பை மறுபடி பிரித்துப் பெரிதாகத் தைத்திருக்கிறார்கள். அவர் சம்சாரமோ கூப்பன் அரிசி பற்றவில்லை என்று ஊரெல்லாம் அழுகிறாள். புலாவ் செபாங் ஸ்டேசன் பக்கம் முகாம் போட்டிருக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்து மூட்டை இரண்டு. காலுறை, காலுறை, மேலும் காலுறை. எல்லாம் கம்பளி. இந்தப் புழுக்கத்தில் கம்பளி! கால் வெந்துவிடாதா?

கஞ்சி போட இனி அரிசி வடித்த தண்ணீர் கூடாதாம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகிறதென்று போலீஸ் கெடுபிடி. சரி. துரையின் அரைக்கால்சட்டையை வேக வைத்துக் குடித்தா அவர்கள் பசியாறப் போகிறார்கள்? மரவள்ளி மாவு போட்டேன். துரை உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

மத்தியானம் டிரெசர் ஐயா மருந்துப் பெட்டியோடு வந்தார். த.வின் வலது தோளைப் பார்த்தார். (த. என்றால் தங்கம், என் வீட்டுக்காரி. முழுப் பெயர் எழுதினால் கூப்பிட்டதாக நினைத்து வந்து எட்டிப் பார்ப்பாள்.) காண்டாக் கம்பு தேய்த்துத் தேய்த்து வந்த புண். கம்பின் இரண்டு முனையிலும் நிறைபால் வாளி, நடுவில் இவள் தோள். மேடும் பள்ளமுமாகப் பால் ஸ்டோர் வரைக்கும் நடை.

"ஆறவே மாட்டேங்குதேம்மா. இருபத்துநாலாந்தேதி மறுபடி பாப்பேன். அப்பவும் இப்படியே சீழ் கட்டியிருந்தா, வெளிக்காட்டு வேலைக்கு மாத்தச் சொல்லி துரைக்கு எழுதிடுவேன்."

"எழுதுங்க. எழுதிட்டு நீங்களே வந்து என் மரத்த வெட்டுங்க" என்றாள் த.

வெளிக்காடு என்றால் புல்வெட்டு. இப்போது அந்தக் கும்பலுக்குக் காட்டோரத்தில்தான் வேலை. போன மாதம் அங்கே சுட்ட சத்தம் லயம்வரை கேட்டது. என் பயம் அது. அவளுக்கு அது பெரிதில்லை. அவளுடைய நிரை, அவள் பால் வெட்டும் மர வரிசை, வேறொருத்தி கைக்குப் போய்விடும், அதுதான். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் வைத்திருக்கிறாள். நன்றாக ஊற்றும் மரம் மீனாட்சி. கொஞ்சமாகச் சொட்டிவிட்டு நாள் முழுக்க ஈரமாகவே நிற்கும் மரத்துக்கு என் பெயர்.

சாயங்காலம் அவளுடைய வேலைச் சட்டையைத் துவைத்தேன். வலது தோளில் நான் போட்ட ஒட்டும் நைந்து, அடியில் வைத்த கை தெரிகிறது. சட்டைக்கு ஒட்டுப் போடுகிறவனுக்குத் தோளுக்கு ஒன்று போடத் தெரியாதா?

நவம்பர் 4, செவ்வாய்

மேகம். காற்று உண்டு.

இன்றுமுதல் நான் நெசவாளி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், இந்தப் பக்கத்தைப் பார்க்க யாருமில்லை.

யோசித்தால் பழைய வேலைதான். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வம்பு பேசி, ஊரார் சட்டையில் ஓட்டை போட்டவன் நான். பிறகு அந்த ஓட்டையை யாருக்கும் தெரியாமல் அடைக்கக் கற்றுக்கொண்டவனும் நானே. குறுக்கே நூல், நெடுக்கே நூல், ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ். ஓட்டையைச் சுற்றித் துணி இல்லாமல் போனால் அதற்குப் பெயர் நெசவு. அவ்வளவுதானே?

முக்காலியைக் கவிழ்த்தேன். கால்களைச் சுற்றிப் பாவு: துணிக்குக் குறி போடும் சிவப்பு நூல், பல இழை சேர்த்து முறுக்கியது. ஊடு: மாவு மூட்டைக் கிழிசல். அடித்து நெருக்க: பல் போன சீப்பு.

த. வேலையிலிருந்து வந்து நின்று பார்த்தாள்.

"உக்கார்ந்து காப்பி குடிக்க முக்காலி எங்கங்க?"

"தறியாயிடுச்சு."

"ம்... மனுசனும் என்னமோ ஆயிட்டாரு." தரையில் உட்கார்ந்து குடித்தாள்.

நவம்பர் 6, வியாழன்

பட்டை முடிந்தது. ஆரம்பத்தில் ஒரு சாண் அகலம். நடுவில் இறுகி இறுகி மூன்று விரல். கடைசியில் மறுபடி ஒரு சாண். கூத்தாடியின் இடுப்பு மாதிரி. காதர் நானா பார்த்துவிட்டு, "சின்னையா, இது பட்டையா, உடுக்கையா?" என்றார். மனுஷனுக்கு மளிகைக் கடை சாக்கு. உண்மையான வியாபாரம் நாக்கு. போகிற போக்கில் ஸ்டேசன் மாஸ்டர் தலைக்குச் சாயம் பூசுகிறாரோ என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. (பூசுகிறார். தலையணை உறை என்னிடம்தானே வருகிறது.)

பட்டையை மட்டும் தோளில் போட்டுக் கம்பை வைத்தால் கயிறு மாதிரி அறுக்கிறதாம். மெத்தென்று ஒன்று வேண்டும். லயத்துக்குப் பின்னால் இலவம் பஞ்சு இருக்கவே இருக்கிறது. பையாகத் தைத்து, அமுக்கி அமுக்கித் திணித்து, பட்டையோடு சேர்த்துத் தைத்தேன்.

த. தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு நடை நடந்தாள். கழற்றவில்லை. அப்படியே சோறு பொங்கினாள்.

நவம்பர் 7, வெள்ளி

கேட்டில் அசிங்கம்.

காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் எல்லாரையும் முள்வேலி கேட்டில் சோதனை போடுவார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ரோசம்மா. தம்பின் டவுனிலிருந்து வருகிறாள். கழுத்தில் விசில், அதே கயிற்றில் கத்தரிக்கோல். அரிசி கடத்துகிறவர்கள் எதற்குள்ளும் திணிப்பார்களாம். அதனால், தைத்து மூடிய எதுவானாலும் வெட்டிப் பார்க்கச் சொல்லி அவளுக்கு உத்தரவு. இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தே ஒரு பையைத் திணித்துத் தைத்து, அதைப் பெண்டாட்டி தோளில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். என்ன மூளை!

நான் பட்டாளத்து மூட்டையோடு சைக்கிளில் பின்னாலேயே நின்றேன்.

"தோள்ல என்னாக்கா? புள்ள தூங்குதா?"

"பஞ்சு."

"பஞ்சுலா? போன வாரம் ஒருத்தன் சைக்கிள் டியூப்புல காத்துன்னுதான் சொன்னான். அமுக்குனா அரிசி கொட்டுச்சு."

"எம் மேல சந்தேகமா ரோசம்மா?"

"உங்க மேல இல்லக்கா. பை மேல."

சரக். அந்த நேரம் பார்த்துக் காற்று. பஞ்சு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, துப்பாக்கியோடு நின்ற பட்டாளத்துக்காரன் மூக்குக்குள் போயிற்று. தும்மினான், தும்மினான், கேட்டைப் பிடித்துக்கொண்டு தும்மினான். பக்கத்து வீட்டு அஞ்சலை, "பாவம், ஒரு நிமிசத்துல மீசை நரைச்சுப் போச்சு!" என்றதும் வரிசையே கொல்லென்று சிரித்தது. ரோசம்மாகூட.

த. சிரிக்கவில்லை. வெறும் தோளில் கம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மீன் நடுத்துண்டை எனக்கு வைத்தாள். கோபமாக இருந்தால் இப்படித்தான். இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக விழுங்கியிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வெயில், மாலையில் மழை. இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பட்டாளத்து மூட்டையில் ஒரு கம்பளிச் சட்டை. முகாமிலேயே உயரமானவனுடையது, நான் அவனுக்கு வைத்த பெயர் தென்னை. மூட்டையோடு மூட்டையாக அதையும் கொப்பரையில் போட்டுவிட்டேன். கொதிக்கும் தண்ணீர், கை நிறையச் சவர்க்காரம். கம்பளிக்கு வெந்நீர் ஆகாது என்று எந்த டோபியும் பால்குடி வயசிலேயே தெரிந்துகொள்வான். அந்த நேரம் காதர் நானா வந்தார். பெரிய கிராணி வீட்டுச் சண்டையை முதலிலிருந்து சொன்னார். சுவாரசியத்தில் துடுப்பால் நானும் இடித்தேன், கிண்டினேன், மறுபடி இடித்தேன். கிராணி சம்சாரம் கோபித்துக்கொண்டு ரயிலேறும் கட்டத்தில் துடுப்பில் என்னவோ மாட்டியது.

தூக்கிப் பார்த்தால் தென்னை போட்ட சட்டை, மூன்று வயசுப் பிள்ளைக்கான சட்டையாகியிருந்தது. விரல் கனம். பின்னல் கண்ணே தெரியவில்லை. கல்லில் அலசினேன். இழுத்தேன். காதர் நானா ஒரு கை, நான் ஒரு கை. அசையவில்லை.

"நான் இங்க வரவே இல்லலா" என்று சொல்லிவிட்டு நானா சைக்கிளை எடுத்தார்.

கொடியில் போட்டு மறைக்க வழியில்லாமல் வீட்டுக்குள் காய வைத்தேன். மாலை மழையில் த. அதை எடுத்து விரித்தாள்.

"யார் வீட்டுப் புள்ளைக்குங்க?"

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குட்டிக் கைகளை மடித்தாள், நீவினாள், மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை.

பிறகு அவள் அதைத் தூங்கும் பிள்ளையைப் போடுவதுபோல வலது தோளில் போட்டுக்கொண்டாள். தட்டிக்கூடக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏங்க."

"ம்?"

"இது பட்டா புண்ணு எரியலங்க."

நவம்பர் 10, திங்கள்

தென்னை வந்தான். சட்டையைக் காட்டினேன். கும்பிடு வேறு போட்டேன். சுட்டுவிடுவானோ என்று அரைப் பயம்.

பார்த்தான். தலையில் கவிழ்த்துக்கொண்டான். காதுவரைதான் வந்தது. சிரித்துச் சிரித்து ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆம்பில், டோபி" என்று என் கையிலேயே கொடுத்தான். எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். இந்த ஊர் வெயிலில் அதிலிருந்து தப்பித்ததில் அவனுக்கே சந்தோஷம்போல. ஓட்டை விழுந்த காலுறை ஒரு குவியலும் தள்ளிவிட்டுப் போனான்.

கத்தரிக்கோலை எடுத்தேன். தோள் அளவுக்கு வெட்டினால் முடிந்தது வேலை.

"வெட்டாதீங்க" என்றாள் த.

"உன் தோளுக்குத்தானே?"

"அத வெட்டாதீங்க."

கூரைச்சேலை இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். காலுறைக் குவியல் இருக்கிறது, அதில் செய்வோம்.

நவம்பர் 12, புதன்

தூறல். செய்து பார்த்தவை:

காலுறையை அப்படியே கொதிக்க வைத்தது. கெட்டியானது, ஆனால் காலுறையாகவே கெட்டியானது. கால் வடிவத்தில் தோள் யாருக்கு?

பருத்தி பனியனைக் கொதிக்க வைத்தது. சுத்தமானது. வேறொன்றும் ஆகவில்லை. என் வாழ்க்கையில் துணி சுத்தமானதற்கு நான் வருத்தப்பட்டது இன்றுதான்.

காலுறையைப் பிரித்து, நூலைத் துண்டு துண்டாக்கிச் சீவிப் பஞ்சாக்கினால்? வீட்டுச் சீப்பு பல் போனது. பங்களாச் சமையல்காரரிடம் கெஞ்சித் துரையின் நாயைச் சீவும் கம்பிச் சீப்பை வாங்கி வந்தேன். நாய் முடியும் கொஞ்சம் கலந்தது. நல்ல ஜாதி நாய், பாதகமில்லை.

சீவிய கம்பளி கையில் மேகம் மாதிரி. தும்மினால் போச்சு.

காதர் நானா (இப்போது மறுபடி வரத் தொடங்கிவிட்டார்): "இது வெள்ளைக்காரன் தொப்பிச் சாமான்யா. ஃபெல்ட்டுன்னு சொல்லுவான். தறியே கிடையாது. எப்படிப் பண்றான்னு மட்டும் எனக்குத் தெரியாது." அது தெரியாமல் மற்றதெல்லாம் தெரிந்து என்ன?

நவம்பர் 13, வியாழன்

ஒரே அடுக்காகப் பரப்பி வெந்நீர் ஊற்றினேன். ஆப்பம் மாதிரி ஓரம் மெலிந்து நடுவில் கிழிந்தது. கொப்பரையில் போட்டு இடித்தேன். உருண்டையாகிவிட்டது. அஞ்சலை எட்டிப் பார்த்து, "டோபிண்ணே, கொழுக்கட்டையா? உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

த.வின் தோளில் இன்று ரத்தம். சட்டையில் கறை. பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். அவள் கேட்கிறாள், "முக்காலி எப்பங்க திரும்பி வரும்?"

நவம்பர் 15, சனி

பிடித்துவிட்டேன்! பெரிய எழுத்தில் எழுத இடமில்லை.

ஓர் அடுக்கு நெடுக்கே. அதன்மேல் ஓர் அடுக்கு குறுக்கே. மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே. நெசவு மாதிரிதான், ஆனால் நூலில்லாமல். தலையணை உயரம் அடுக்கிய பிறகு வெந்நீரும் சவர்க்காரமும் தெளித்தேன், கொட்டவில்லை. உள்ளங்கையால் மெதுவாகத் தடவினேன், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல. அவசரப்பட்டால் விலகுகிறது. பிடிப்பு வந்தபிறகு பாயில் சுருட்டிக் கட்டி, காலால் முன்னும் பின்னும் உருட்டல்.

என் கால் ஓய்ந்தபோது த. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் காலையும் வைத்தாள். நான் தள்ள, அவள் தள்ள. உருளை போய் வந்துகொண்டிருந்தது. ஏதோ பேசினோம். அஞ்சலையின் புருஷனைப் பற்றி, மீனாட்சி மரத்தைப் பற்றி.

"எம் பேரு வச்ச மரம் எப்படி இருக்கு?"

"இப்ப கொஞ்சம் பரவால்ல."

பிரித்தோம். தலையணை இருந்த இடத்தில் ஒரு தகடு. சாம்பல் நிறம், விரல் கனம், நான்கு பக்கமும் இழுத்தாலும் விடவில்லை. காதர் நானா பார்க்காத நேரமாக அதை முத்தமிட்டேன். சவர்க்காரச் சுவை.

நவம்பர் 16, ஞாயிறு

புதிதாய் ஒரு பட்டை நெய்தேன், அதே சிவப்பு நூலில். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் ஊடை இழுக்காமல் தளர்த்தி விட்டேன். இடுப்பு சிறுக்கவில்லை. ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அகலம். காதர் நானாவுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முகம் வாடியது. பட்டையைக் கக்கத்துக்கடியில் கட்டினால் தகடு நகராது. பையில்லை, திணிப்பில்லை.

முக்காலியைத் திருப்பிக் கொடுத்தேன். த. தரையில்தான் உட்கார்ந்தாள். பழகிவிட்டதாம்.

நவம்பர் 17, திங்கள்

மழையில்லை. பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து கேட்டில் வரிசை. சைக்கிளோடு நான்.

ரோசம்மா பார்த்தாள். "மறுபடியும் மெத்தையாக்கா?" கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டது.

த. பட்டையை அவிழ்த்து நீட்டினாள். ரோசம்மா அமுக்கினாள். மடக்கினாள். மோந்து பார்த்தாள். (நாய்!) ஓரத்தைத் தேடித் தேடித் திருப்பினாள். தையல் இல்லை. வாயில்லை. எங்கே வெட்டுவது?

"உள்ள என்னாக்கா இருக்கு?"

"மேல என்னா இருக்கோ அதுதான்."

"அதெப்படி? உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு மாதிரி. ஒளிச்சு வைக்க அவருக்கு ஒண்ணும் வராது."

வரிசை முழுக்கச் சிரிப்பு. எல்லாத் தலையும் என் பக்கம். நான் சைக்கிள் மணியைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியம் இல்லாத மணி.

ரோசம்மா கத்தரிக்கோலை விட்டாள். கழுத்தில் ஆடியது. தானே த.வின் தோளில் வைத்துப் பட்டையைக் கட்டிவிட்டாள். "புண்ணு இருக்கிற இடத்துல முடிச்சு போடலக்கா. போங்க."

த. கம்பைத் தூக்கி வைத்தாள். நடந்தாள். திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பட்டாளத்துக்குத் தாமதமாகப் போனேன். என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஈரமானாலும் ஊறி நசுங்கவில்லை. பால் சிந்தினால் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் உரித்தால் வந்துவிடுகிறது. தோளில் ஓரம் வெளுத்துப் புதுத்தோல். நான் தினமும் பார்ப்பதைப் பார்த்து, "வெச்ச கண்ணு வாங்காம பாத்தா மட்டும் சீக்கிரம் ஆறுமா?" என்றாள். ஆறினாலும் ஆறும்.

நவம்பர் 24, திங்கள்

டிரெசர் ஐயா வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"பொய் சொல்ற தோளா இது? நல்லா பாருங்க."

பார்த்தார். மூடி வந்திருக்கிறது, நடுவில் ஒரு காசளவு பொருக்கு மட்டும். மாற்றச் சொல்லி எழுத மாட்டாராம். கிளம்பும்போது தகட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். "சின்னையா, முட்டிக்கு வைக்க எனக்கு ஒண்ணு வருமா?" டோபியிடம் ரகசியம் ஏது, அவருக்கு முட்டி வலி என்று கால்சட்டையில் இருக்கும் தைல வாசனையிலேயே எனக்குத் தெரியும்.

த. நிரையிலிருந்து திரும்பியதும் பால்வெட்டும் உளியைக்கூடக் கழுவாமல், காட்டுச் செடிப் பூ ஒன்றை இஸ்திரி மேசையில் போட்டுவிட்டுப் போனாள். பூவுக்கு எந்த மரத்தடி என்று சொல்லவில்லை. என் பெயர் வைத்த மரம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில். துணியெல்லாம் நொடியில் காய்கிறது.

காலையில் வாசலில் அஞ்சலை. அவள் பின்னால் மேட்டு லயத்துப் பெண்கள் மூன்று பேர். எல்லாருக்கும் வலது தோள். கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரோசம்மா. அவளுக்குத் தோளில் ஒன்றுமில்லை, காலெல்லாம் கேட்டில் நின்று நின்று வீக்கம், செருப்புக்குள் வைக்க வேண்டுமாம்.

காலுறை தீர்ந்துபோயிற்று. சொன்னேன். போகவில்லை. முக்காலியில் ஒருத்தி, தரையில் மற்றவர்கள். த. காப்பி கலக்குகிறாள்.

பட்டாளத்து மூட்டை வந்து இறங்கியது. பிரித்தேன். மேலேயே ஒரு கம்பளிச் சட்டை, புதுசு. தென்னையுடையது. சட்டைக்குள் அவனே சீட்டில் கொட்டை எழுத்தில் மலாயில் எழுதி வைத்திருக்கிறான்: வெந்நீர் வேண்டாம்.

த. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா எழுதியிருக்கான்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத் துவைக்கச் சொல்றான்."

வாசலில் இருந்தவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் என்னைத் தெரியும். போய்க் கொப்பரை அடுப்பில் விறகைத் தள்ளினாள்.